காமலாபுரம் முதல் லாஸ்பேட்டை வரை: வான்தூரமும் வாசல் நேரமும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பயணிகள் விமானம் வந்து போகும் நிலையம் எதுவும் இல்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. வரைபடத்தில் விமானப் படம் போட்டிருப்பதைப் பார்த்து, அங்கிருந்து டிக்கெட் கிடைக்குமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிடைக்காது. நெய்வேலியில் என்.எல்.சி.யின் ஓடுதளம் உண்டு. சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டப் பட்டியலில் அதன் பெயர் வந்ததும் உண்டு. அதை நம்பியும் பயணத் தேதி குறிக்க வேண்டாம்.

ஆக, நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை இரண்டு சிறிய நிலையங்கள். மேற்கே ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம். கிழக்கே லாஸ்பேட்டையில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையம். இரண்டுக்கும் இடையே நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு இழுத்தால் அது ஏற்காடு மலையைத் தொட்டு, கல்வராயன் மலைக்கு மேலே ஏறி, சங்கராபுரத்தின் தலைக்கு மேல் கடந்து, திருக்கோவிலூரைச் சற்று வடக்கே விட்டுவிட்டு, விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது. கள்ளக்குறிச்சி நகரம் அந்தக் கோட்டுக்குத் தெற்கே சுமார் 15 கி.மீ. தள்ளி, ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கிறது. சேலம் நிலையம் நேர்க்கோட்டில் 98 கி.மீ., புதுச்சேரி நிலையம் 96 கி.மீ. அருகிலுள்ள விமான நிலையம் எது என்று கேட்டால் இணையத்தில் இடத்துக்கு ஒரு பதில் வருவது இதனால்தான். இரண்டு கி.மீ. வித்தியாசத்தில் எதையும் தீர்மானிக்க முடியாது; தீர்மானிக்க வேண்டியதுமில்லை. எந்த ஊருக்குப் போகிறோம், வாசலை விட்டுக் கிளம்பியதிலிருந்து எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை வைத்துத்தான் நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்கானது.

தூரத்தை நீங்களே கணக்கிட

வான்தூரம் கண்டுபிடிக்கச் செயலி எதுவும் வேண்டாம். இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். அட்சரேகையில் ஒரு பாகை என்பது நம் பகுதியில் சுமார் 110.6 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு பாகை, கள்ளக்குறிச்சி இருக்கும் அட்சரேகையில், சுமார் 109 கி.மீ. துருவத்தை நோக்கிப் போகப்போக இது சுருங்கும்; தமிழ்நாட்டுக்குள் 109 என்றே வைத்துக்கொள்ளலாம்.

சேலம் நிலையம்: வடக்கு 11.78, கிழக்கு 78.06. புதுச்சேரி நிலையம்: வடக்கு 11.97, கிழக்கு 79.81. கிழக்கு மேற்கு வித்தியாசம் 1.75 பாகை, 109ஆல் பெருக்கினால் 190 கி.மீ.க்குச் சற்றுமேல். வடக்கு தெற்கு வித்தியாசம் 0.19 பாகை, சுமார் 21 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். விடை 191 கி.மீ.யை ஒட்டி வரும். விமானிகள் பேசும் கணக்கில் 103 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பூமி உருண்டை என்பதால் வரும் வளைவுத் திருத்தம் இந்தத் தூரத்தில் கண்ணுக்கே தெரியாது. லண்டனுக்கோ சிகாகோவுக்கோ கணக்குப் போடும்போதுதான் அது பெரிதாகும்.

இன்னொன்றும் இதில் கிடைக்கும். ஒரு பாகை தீர்க்கரேகைக்குச் சூரியன் 4 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. லாஸ்பேட்டையில் சூரியன் உதித்து ஏறக்குறைய 7 நிமிடம் கழித்துத்தான் காமலாபுரத்தில் உதிக்கும். பயணத்துக்கு உதவாது, ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

இதே முறையில் மற்ற தூரங்களையும் போட்டு வைத்திருக்கிறேன். சேலம் - சென்னை 265 கி.மீ. புதுச்சேரி - பெங்களூரு 266. சேலம் - பெங்களூரு 161. சேலம் - கொச்சி 257. சேலம் - ஹைதராபாத் 605, புதுச்சேரி - ஹைதராபாத் 602. கடைசி இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

191 கி.மீ. எத்தனை நிமிடம்

இந்த இரண்டு நிலையங்களிலும் நீங்கள் ஏறப்போவது பெரும்பாலும் ஏடிஆர் 72 வகை விமானம். இன்ஜினைத் தேடி இறக்கைக்குக் கீழே பார்க்காதீர்கள். இறக்கை மேலே இருக்கும், அதில் பக்கத்துக்கு ஒன்றாக ஆறு அலகு கொண்ட விசிறி இரண்டு சுற்றும். எழுபதிலிருந்து எழுபத்தெட்டு பேர் உட்காரலாம். பின்பக்கக் கதவு வழியாகப் படியேறி உள்ளே போக வேண்டும். ஏரோபிரிட்ஜ் கிடையாது, மழை பெய்தால் குடை கொடுப்பார்கள்.

இவ்வளவு சிறிய விமானம் ஏன் என்றால், காரணம் ஓடுதளத்தின் நீளம். சேலத்தில் 1,806 மீட்டர். புதுச்சேரியில் 1,500 மீட்டர்தான். திருச்சியில் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் இருக்கிறது. ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் ஆள் நிறைத்து, பெட்டி ஏற்றி, எரிபொருள் நிரப்பி, சித்திரை வெயிலில் கிளம்ப 1,500 மீட்டர் போதாது. வெயில் ஏறினால் காற்று லேசாகும், இறக்கைக்குப் பிடிமானம் குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். ஏடிஆருக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் வேகமும் குறைவு. உயரே போய் நிலைபெற்ற பிறகும் மணிக்கு 500 கி.மீ.யைச் சுற்றித்தான் பறக்கும்.

191 கி.மீ.யை 500ஆல் வகுத்தால் 23 நிமிடம் வருகிறது. இந்த 23ஐப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். விமான நிறுவனம் அட்டவணையில் போடும் நேரம், சக்கரத்துக்கு அணை கொடுத்திருக்கும் கட்டையை எடுத்த கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை போடும் கணம் வரை. அதற்குள் ஓடுதளத்தின் முனைவரை ஊர்ந்து போவது, திரும்பி நிற்பது, ஏறும்போது மெதுவாகப் போவது, இறங்கும் நிலையத்தின் ஓடுதளத்துக்கு நேராக வரச் சுற்றுவது, வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்குவது எல்லாம் அடங்கும். இவற்றுக்குச் சேர்த்து அரை மணி நேரம் கூட்டிக்கொண்டால் கணக்கு சரியாக வரும். ஏடிஆர் என்றால் தூரத்தை 500ஆல் வகுத்து 30 நிமிடம் கூட்டுங்கள். ஜெட் என்றால் 800ஆல் வகுத்து 30 கூட்டுங்கள்.

சேலம் - சென்னைக்குப் போட்டுப் பாருங்கள்: 32 நிமிடமும் 30ம் சேர்ந்து 62. அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். சேலம் - ஹைதராபாத்: 73ம் 30ம் 103, அதாவது ஒன்றே முக்கால் மணி நேரம். சேலம் - புதுச்சேரிக்கு 53 நிமிடம். தூரம் சிறுத்தாலும் அந்த 30 குறைவதில்லை. குட்டித் தூரத்தில் விமானம் லாபமில்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

நேரடி விமானம் இல்லாத இடத்தில்

சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. ஆனால் முன்பதிவுத் தளத்தில் இரண்டு ஊரையும் தட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்றைக் காட்டிவிடும். பெங்களூரு வழியாக என்றால் 161ம் 266ம் சேர்ந்து 427 கி.மீ. ஹைதராபாத் வழியாக என்றால் 1,207 கி.மீ. நடுவில் மூன்று மணியோ ஏழு மணியோ காத்திருப்பு. 191 கி.மீ. தள்ளி இருக்கும் ஊருக்குத் தெலங்கானா போய்த் திரும்புவதைக் கணினி கூச்சமில்லாமல் ஒரு வழியாகக் காட்டும்.

சாலையில் சேலம் நிலையத்திலிருந்து புதுச்சேரி நிலையம் 230 கி.மீ.யைச் சுற்றி வரும். சேலம் - உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை 79, பழைய எண் 68, அதில் வந்து விழுப்புரம் போய், அங்கிருந்து புதுச்சேரி. மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம் என்று மூன்று சுங்கச்சாவடிகள் உளுந்தூர்பேட்டைக்கு முன்பே வந்துவிடும். காரில் நான்கு, நாலரை மணி நேரம். நாளை காலையே நேரடி விமானம் விட்டாலும் என்ன மிச்சம் என்று பாருங்கள்: சேலம் நகரத்திலிருந்து காமலாபுரம் போக 40 நிமிடம், நிலையத்தில் ஒன்றரை மணி நேரம், பறக்க 53 நிமிடம், இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 20 நிமிடம். மூன்று மணி 20 நிமிடத்துக்கு மேல். ஒரு மணி நேரம் மிச்சம், அதுவும் சேலத்துக்காரருக்கு. நட்டநடுவில் இருக்கும் கள்ளக்குறிச்சிக்காரருக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. எந்தப் பக்கம் போவதானாலும் அவர் இரண்டரை மணி நேரத்துக்குள் சாலையிலேயே போய்விடுவார்.

சென்னைக்கும் இதே கதைதான். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே 110 கி.மீ. போய், சேலத்தில் ஏறி, வந்த திசையிலேயே 265 கி.மீ. திரும்பிப் பறப்பது சிலருக்குக் கௌரவமாக இருக்கலாம். நேரம் ஐந்து மணி. பேருந்தே அந்த நேரத்துக்குச் சென்னையின் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறக்கிவிடும்.

எந்தப் பயணத்துக்கு எந்த நிலையம்

ஹைதராபாத்துக்குப் போகிறவர்கள் சேலத்தையும் புதுச்சேரியையும் சமமாகவே வைத்துப் பார்க்கலாம். வான்தூரம் 605க்கும் 602க்கும் என்ன வித்தியாசம்? சாலைத் தூரமும் ஏறக்குறைய அப்படியே. சேலம் நிலையத்துக்கு 110 கி.மீ., புதுச்சேரிக்கு 120 கி.மீ. அளவில். அன்றைக்கு எங்கே விமானம் இருக்கிறது, எது உங்கள் நேரத்துக்குப் பொருந்துகிறது, எது மலிவு என்பதை மட்டும் பாருங்கள். சேலத்துக்குப் போகும் சாலையில் ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் போன்ற ஊர்களின் புறவழிச்சாலைகளைக் கவனியுங்கள். நான்கு வழிச்சாலை அந்த இடங்களில் இரண்டு வழியாகச் சுருங்கும்படி கட்டப்பட்டு, விபத்துகளுக்குப் பேர்போனது. அகலப்படுத்தும் வேலை பிறகுதான் வந்தது. இரவில் அங்கே முந்த நினைக்க வேண்டாம். சேலத்துக்குள் அயோத்தியாப்பட்டினம் தாண்டியதும் நெரிசல். காலை எட்டரையிலிருந்து பத்துவரை அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர் தாண்டி நகரத்துக்குள் நுழையும் கடைசிப் பத்துக் கிலோமீட்டர்தான் தொல்லை. வெள்ளி மாலை, சனிக்கிழமை, நீண்ட விடுமுறை என்றால் சுற்றுலா வண்டிகள் வழியை அடைத்துவிடும்.

பெங்களூருக்கு விமானத்தில் போவது சென்னைக்குப் போவதைவிடக் கொஞ்சம் நியாயம். ஆனால் பெரிய நியாயமில்லை. சேலத்திலிருந்து 161 கி.மீ.தான் என்பதால் பறக்கும் நேரம் சுமார் 50 நிமிடம். இறங்குவதோ தேவனஹள்ளியில். அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கோ ஓசூர் சாலைக்கோ வர இரண்டு மணி நேரம் போய்விடும். நீங்கள் சாலையில் போயிருந்தால் முதலில் வருவதே எலக்ட்ரானிக் சிட்டி. அங்கே வேலை என்றால் விமானத்தை மறந்துவிடுங்கள். பெங்களூரில் இறங்கி வேறு விமானம் பிடித்து டெல்லி, புணே, கொல்கத்தா என்று போகிறவர்களுக்குத்தான் சேலம் - பெங்களூரு விமானம் உண்மையில் உதவும். அப்படிப் போகும்போது இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் நானூறு ரூபாய் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அந்த நிறுவனத்தின் வேலை.

சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா போகிறவர்களுக்குத் திருச்சிதான். கள்ளக்குறிச்சியிலிருந்து நேர்க்கோட்டில் 111 கி.மீ.; சின்னசேலம், பெரம்பலூர் வழியாகவோ உளுந்தூர்பேட்டை வழியாகவோ போகலாம். உளுந்தூர்பேட்டை வழி சுற்று, ஆனால் முழுக்க நெடுஞ்சாலை. இரவுப் பயணத்துக்கு அதுவே மேல். 2024 ஜூனில் புதிய முனையம் செயல்படத் தொடங்கிய பிறகு முன்பிருந்த நெருக்கடி இல்லை. சிங்கப்பூர் ஏறக்குறைய 3,000 கி.மீ.; மேலே சொன்ன ஜெட் கணக்கில் நாலே கால் மணி நேரம் வரும். டிக்கெட்டில் இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்த்தால் இந்த விடை வராது. புறப்படும் நேரம் நம் நேரம், சேரும் நேரம் அந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது பயணம் ஏழு மணி நேரம் போலத் தெரியும், திரும்பும்போது இரண்டு மணிக்கும் குறைவு போலத் தெரியும். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். முதல்முறை போகும் பிள்ளையை அழைக்க அங்கே உறவினர் வருகிறார் என்றால், அவருக்கு விமான எண்ணையும் அந்த ஊர் நேரத்தையும் மட்டும் அனுப்புங்கள். நீங்கள் கூட்டிக் கழித்து ஒரு நேரத்தைச் சொல்லாதீர்கள். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்களில் தேதியும் குழப்பும். 15ஆம் தேதி 00:40 என்று போட்டிருந்தால் 14ஆம் தேதி மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இதைத் தவறவிட்டு மறுநாள் இரவு வந்து நிற்பவர்கள் எல்லா நிலையத்திலும் உண்டு.

ஐரோப்பா, அமெரிக்கா என்றால் சென்னை. மீனம்பாக்கம் கள்ளக்குறிச்சியிலிருந்து நேர்க்கோட்டில் 191 கி.மீ. காமலாபுரத்துக்கும் லாஸ்பேட்டைக்கும் இடையே வந்த அதே எண், தற்செயல்தான். சாலையில் 240 கி.மீ. அளவில். பேருந்தில் வருகிறவர்கள் கோயம்பேட்டை நினைத்துக் கணக்குப் போட வேண்டாம். 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் முனையத்தில்தான் தென்மாவட்டப் பேருந்துகள் நிற்கின்றன. நமக்கு இது வசதி. விமான நிலையம் அங்கிருந்து நகரத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. மாநகரப் பேருந்தில் நேராக வரலாம், அல்லது ஊரப்பாக்கமோ வண்டலூரோ போய் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் மின்சார ரயில் வேண்டாம், காலையில் ஏறவே முடியாது. சின்னசேலத்தில் நின்று விருத்தாசலம் வழியாகப் போகும் சேலம் - எழும்பூர் இரவு ரயிலும் உண்டு. வயதானவர்களை அழைத்துப் போவதென்றால் நான் அதைத்தான் சொல்வேன். படுத்துக்கொண்டு போகலாம், தாம்பரத்தில் இறங்கிவிடலாம்.

விமானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

இந்த இரண்டு சிறிய நிலையங்களின் வரலாறு நின்று நின்று போகும் வரலாறு. சேலம் நிலையம் 1993இல் திறக்கப்பட்டது. கொஞ்ச காலத்தில் விமானம் நின்றது. 2009இல் கிங்ஃபிஷர் வந்து, போனது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்கு விமானம் விட்டது; 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் மறுபடி தொடங்கின. புதுச்சேரியில் 2017 ஆகஸ்டில் ஸ்பைஸ்ஜெட் ஹைதராபாத்துக்கு விட்டது; 2024இல் நின்றது; அதே ஆண்டு டிசம்பர் 20இல் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் தொடங்கியது. எனவே உறவினர் போன வருடம் போனார் என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. அட்டவணை ஆண்டுக்கு இருமுறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. இந்த இரண்டு தேதிகளைத் தாண்டிப் பயணம் என்றால் புதிய அட்டவணை வந்த பிறகு ஒருமுறை சரிபாருங்கள். திருமண முகூர்த்தத்துக்கு முதல்நாள் ஒரே ஒரு விமானத்தை நம்பி மாப்பிள்ளை வீட்டாரை வரச்சொல்வது என் வரையில் வேண்டாத துணிச்சல்.

கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர்களுக்கு

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்க, கச்சிராயப்பாளையம் வழியாக, பேருந்தில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மழை பெய்த மறுநாள் மண் சரிந்து கிடந்தால் இன்னும் கூடும். மலையின் மேற்குப் பக்கம், கருமந்துறையை ஒட்டிய ஊர்களில் இருப்பவர்கள் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிச் சுற்ற வேண்டியதில்லை. பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் இறங்கி, வாழப்பாடி வழியாகச் சேலம் போய்விடலாம். இந்த மலைக்காரர்களுக்குச் சேலம் நிலையம்தான் பொருத்தம், புதுச்சேரி இல்லை. மலையின் கிழக்குச் சரிவில், சங்கராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது நேர்மாறு.

காலை ஒன்பது மணிக்கு விமானம் என்றால் மலையிலிருந்து அன்றைக்கே கிளம்பிப் பிடிக்க முடியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். முதல் பேருந்து உதவாது. வாடகை வண்டி விடியற்காலம் மூன்று மணிக்கு வளைவுகளில் இறங்க வேண்டும். முதல்நாளே இறங்கி கள்ளக்குறிச்சியிலோ ஆத்தூரிலோ தங்குவது நல்லது. இன்னொரு விஷயம், செல்போன் சிக்னல். மலையில் பல இடங்களில் கிடைக்காது. விமான நேரம் மாறினால் வரும் குறுஞ்செய்தி உங்களுக்கு மலையிறங்கிய பிறகுதான் வந்து சேரும். வெப் செக்கின் செய்து போர்டிங் பாஸைக் கச்சிராயப்பாளையத்திலேயே இறக்கி, ஒரு தாளிலும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுக்கும்போது கொடுக்கும் கைபேசி எண், சிக்னல் உள்ள இடத்தில் இருக்கும் உறவினருடையதாக இருந்தால் இன்னும் நல்லது.

மலைத் தேன் கொண்டுபோகாமல் யாரும் ஊருக்குப் போவதில்லை. தேன் திரவக் கணக்கில் வரும். கையில் எடுத்துப் போகும் பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்துவார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கைப்பையில் போகாது. பாட்டில் மூடியின் மேல் ஒரு பாலித்தீன் தாளை வைத்து மூடியைத் திருகி, சுற்றி டேப் ஒட்டி, துணிக்கு நடுவில் வைத்து ஏற்றும் பெட்டியில் போடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். சாமை, மிளகு, கடுக்காய்க்குச் சிக்கல் இல்லை உள்நாட்டில்; வெளிநாடு என்றால் போகும் நாட்டின் விதியைப் பாருங்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் எந்தப் பையிலும் விடமாட்டார்கள். எடையைப் பொறுத்தவரை உள்நாட்டில் இண்டிகோவில் ஏற்றும் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. வீட்டில் அரிசி நிறுக்கும் தராசு போதும். நிலையத்தில் போய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டு தரையில் உட்காருவதைத் தவிர்க்கலாம்.

நிலையத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு. கவுன்டர் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். கதவு 25 நிமிடம் முன்பு மூடும். சேலம், புதுச்சேரி போன்ற சிறிய நிலையங்களில் வரிசை நீளமில்லை, ஒன்றரை மணி நேரம் முன்பு போனால் தாராளம். சென்னையில் உள்நாட்டுக்கு இரண்டு, வெளிநாட்டுக்கு மூன்று. டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாதபோதுதான் வாயிலில் நிற்கும் காவலரோடு பேச்சு வளரும்.

ஐப்பசி, கார்த்திகையில்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேலே போட்ட எல்லாக் கணக்கையும் தள்ளி வையுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அன்று சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். மறுநாள் அதிகாலையில்தான் திறந்தது. அதோடு விடவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி, உளுந்தூர்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே போகும் வழி எல்லாமே தென்பெண்ணையை எங்காவது ஒரு இடத்தில் தாண்டித்தான் சென்னைக்குப் போக வேண்டும். விமானம் மறுபடி பறக்கத் தொடங்கிய பிறகும் சாலை திறக்கவில்லை. விமானச் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பிடிபடாது. அந்த இரண்டு மாதங்களில் சென்னையில் வெளிநாட்டு விமானம் என்றால் ஒருநாள் முன்னதாகவே போய்விடுங்கள். தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் திருச்சி. அந்த வழியில் தென்பெண்ணை குறுக்கிடாது.

விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு விமானத்தில் இடம் கேட்கலாம். சாலை மூடி நீங்கள் போய்ச் சேராவிட்டால் அது உங்கள் கணக்கு. நேரத்தோடு நிறுவனத்தை அழைத்து டிக்கெட்டை மாற்றினால் ஓரளவு தப்பலாம்.

திரும்பி வரும்போது

போகும்போது எல்லாவற்றையும் திட்டமிடுகிறவர்கள் திரும்பும் இரவை விட்டுவிடுகிறார்கள். சேலம் நிலையத்தில் இறங்கினால் வாசலில் பேருந்து காத்திருக்காது. ஆட்டோவோ வாடகைக் காரோ பிடித்துச் சேலம் புதிய பேருந்து நிலையம் போக வேண்டும். அங்கிருந்து ஆத்தூர் வழியாகக் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், புதுச்சேரி என்று போகும் எந்தப் பேருந்திலும் ஏறலாம். புறவழிச்சாலையிலேயே போய்விடும் வண்டியா, ஊருக்குள் வருமா என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். புதுச்சேரியிலிருந்தும் சேலம் பேருந்துகள் இதே வழியில் வருகின்றன. கிடைக்காவிட்டால் விழுப்புரம் வந்து மாறுங்கள். திருச்சியில் நள்ளிரவில் இறங்குகிறவர்கள் சென்னைப் பேருந்தில் ஏறி உளுந்தூர்பேட்டையில் இறங்கி மாறுவது வழக்கம். அந்த நேரத்தில் உளுந்தூர்பேட்டையில் சேலம் வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கையில் 20 கிலோ பெட்டியும் தூங்கும் குழந்தையும் இருந்தால் ஊரிலிருந்தே ஒரு கார் வரச்சொல்லிவிடுங்கள். மலைக்குப் போகிறவர்கள் இரவில் ஏற வேண்டாம். கள்ளக்குறிச்சியில் தங்கி, காலையில் வெள்ளிமலைப் பேருந்தைப் பிடியுங்கள்.